முட்டை அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும்

1. கையைத் தூக்கினேன்

ஆனையூரில் முப்பது வருஷம் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்தவள் நான். கரி போடும் இரும்புப் பெட்டிதான். தோள்பட்டை விட்டுப்போனதும் அந்தக் கனத்தைத் தூக்க முடியவில்லை. சமயநல்லூர் ரோட்டில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் தண்ணீரில் ஊறிப் புண்ணாகிவிட்டது.

அப்போதுதான் முதலாளி அந்த அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினார். பெரிய முட்டையை நட்டுவைத்தது போல இருந்தது. கனமான பீங்கான். கீழே காற்றுக் கதவு, மூடியின் உச்சியில் ஒரு துவாரம், முன்பக்கம் சூடு காட்டும் மீட்டர். உள்ளே கரி போட ஒரு கம்பிக்கூடை. ஆட்டுத்தொடையை முழுசாக வைத்து மெதுவாக வேகவைக்க வாங்கியது.

தந்தூரி மாஸ்டர் காசி பார்த்ததுமே கும்பிடு போட்டுவிட்டார். "மொதலாளி, இந்த முட்டைய அடைகாக்க என்னால ஆகாது. எனக்குத் தந்தூரி இருக்கு."

"அப்ப இங்க கரியப் பத்தி வேற யாருக்குய்யா தெரியும்?"

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. புண்ணான கையை மட்டும் தூக்கினேன்.

2. கருகின தொடை

பெட்டிக்குப் பொறுக்கிப் பொறுக்கிக் கரி போட்டவள், அன்றைக்குப் பதற்றத்தில் சாக்கை அப்படியே கூடையில் கவிழ்த்தேன். தூள் இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டது. நெருப்பு ஏறவில்லை. நாலு பக்கமும் பற்றவைத்து, கீழ்க்கதவை முழுக்கத் திறந்து, விசிறியால் விசிறினேன். நூற்றிருபதில் நிற்க வேண்டிய முள் முந்நூறைத் தாண்டியது.

இஸ்திரிப் பெட்டி மிஞ்சிக் காய்ந்தால் ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இதை எங்கே கொண்டுபோய் இழுப்பது? ஆறட்டும் என்று மூடியைத் திறந்தேன். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்த தொடை குப்பென்று பிடித்துக்கொண்டது.

காசி கத்தியால் கீறிப் பார்த்தார். "யக்கா, வெளிய கரி, உள்ள ரத்தம். இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

முதலாளி சிரிக்கவில்லை. "பெரியம்மா, ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குத் திருமங்கலத்துக்காரவுக நாலு தொட சொல்லியிருக்காக. அதுவும் இப்பிடி ஆச்சுன்னா அடுப்பத் திருப்பி அனுப்பிருவேன். நீங்க பாத்திரத்துக்கே போயிருங்க."

திரும்பப் போகிறதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

3. வெறும் அடுப்பு

மூன்று நாள் விடிகாலையிலேயே போய், கறி வைக்காமல் கரியை மட்டும் எரித்துப் பார்த்தேன். அடுப்போடு வந்த புத்தகம் இங்கிலீஷ். எனக்கு அஞ்சாப்புத் தமிழ்தான். படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கரியைச் சல்லடையில் சலித்துத் தூளைத் தள்ளினேன். கூடையின் அடியில் தேங்காய்மூடி அளவுக் கட்டிகள். மேலே எலுமிச்சை அளவு. நட்ட நடுவில் ஒரே ஒரு இடத்தில் நெருப்பு. அது பக்கத்துக் கரியைத் தானாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகரும்.

இரும்பு சீக்கிரம் ஆறிவிடும். பீங்கான் வாங்கின சூட்டை விடவே விடாது. அதனால் முள் நூறைத் தொடும்போதே கீழ்க்கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்த வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது.

4. ஞாயிற்றுக்கிழமை

காலை ஏழு மணிக்குத் தொடைகளை வைத்து மூடினேன். பத்து மணிக்கு முதலாளி வந்தார். பின்னாலேயே காசி.

"என்னக்கா, பொகையவே காணோம்? உசுரோட இருக்கா, போயிருச்சா?"

"ஒரு தடவ தொறந்து பாத்துருவோம்" என்று முதலாளி பிடியில் கை வைத்தார்.

அவர் கைமேல் என் கையை வைத்தேன். "தொறக்காதீக."

"என்னது?"

"தொறக்காதீக மொதலாளி. முள்ளு நூத்திருவதுலதேன் நிக்கிது. இப்பத் தொறந்தா காத்துப் பூந்துரும். இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு யாரும் இதத் தொடக் கூடாது."

நான் கையை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நானே திறந்தேன். எலும்பைப் பிடித்துத் திருகியதும் கறி தனியாகக் கழன்று வந்தது. காசி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார்.

"யக்கா, அந்தச் சல்லடைய நாளைக்கு எந் தந்தூரிக்கும் தாரீகளா?"

இந்த அடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூடையில் தூள் சேர்க்காதீர்கள். பெரிய கட்டியை அடியில் போடுங்கள். ஒரே இடத்தில் பற்றவையுங்கள். ஏறின சூட்டை இறக்க முடியாது, ஏறும்போதே தடுக்க வேண்டும். யாராவது மூடியில் கை வைத்தால், அது முதலாளியாகவே இருந்தாலும், வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். திறந்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

என் விரல் புண்ணெல்லாம் ஆறிவிட்டது.