ரேடியோ வாய் மூடிய கோடை

என் தங்கைக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. ஒரு வீட்டில் நடந்த சண்டை, சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆவதற்குள் அவள் மூலம் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவளிடம் ஒன்றைச் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். அவள் சட்டம் படிக்கப் போகிறாள் என்று கேட்டதும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, "எப்படியும் பேசத்தான் போறா, அதுக்குச் சம்பளமாவது வரட்டும்" என்றார். அதே அம்மா, இவள் வாசலில் வந்து நின்றால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நூல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் பள்ளிப் படிப்பையே முடிக்காதவள். அப்போது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். மடிப்பு நேராக இருக்கிறதா, பசை ஓரம் வரை பிடித்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது வேலை. சட்ட நிறுவனத்தைப் பற்றி நான் எழுதுவது எல்லாம் அவள் சொன்னது. புரியாததை இரண்டு முறை கேட்டுத்தான் எழுதுகிறேன்.

படிப்பு முடிய ஒரு வருடம் இருந்தபோது, பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. என்னோடும் என் வீட்டுக்காரரோடும் இருந்துதான் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சியின் முடிவில், பிடித்துப்போன மாணவர்களை, படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்வார்கள். எத்தனை பேரை என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த அழைப்புக்காகத்தான் போனாள்.

முதல் நாள் அடையாள அட்டையும் கணினியும் கொடுத்து, சந்தேகம் கேட்க ஒரு இளம் வக்கீலையும் காட்டிவிட்டார்கள். லிஃப்டில் வேலை விஷயம் பேசக் கூடாது, வீட்டில் பேசக் கூடாது, கட்டிக்கப்போகிறவரிடமும் பேசக் கூடாது என்றார்களாம். சாயங்காலம் வந்து கையை ஆட்டி, குரலை மாற்றி, எங்களுக்கு அதை நடித்தே காட்டினாள்.

பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "சொல்லக் கூடாதுன்னு சொன்னதையே வந்து சொல்லிட்டியா? தவளை தன் வாயால கெடும்மா."

"மாமா, இது விதி. விதியைச் சொல்லலாம். விஷயத்தைத்தான் சொல்லக் கூடாது."

கோர்ட்டைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போனாள். கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. பழைய தீர்ப்புகளைப் படித்து, கேட்ட கேள்விக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். முதல் குறிப்பு சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. "முதல் மூணு பக்கத்தை எடுத்துட்டா நல்லா இருக்கு" என்று அந்த இளம் வக்கீல் சொன்னாராம். மதியம் வக்கீல்கள் மாணவர்களை நல்ல உணவகங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். "சாப்பிடக் கூப்பிட்டுட்டு சாப்பிடவே விடலைக்கா. நான் வாயைத் திறந்தாலே ஒரு கேள்வி" என்பாள். இரவு வீட்டுக்கு வந்து மறுபடி சாப்பிடுவாள். எவ்வளவு வெயிலிலும் கோட்டைக் கழற்றாத சக மாணவன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கோட்டு என்று பெயர் வைத்ததும் இவள்தான்.

பாதிப் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு எப்படி வேலை செய்கிறார்கள் என்று சொன்னார்கள். இவளுக்கு நல்ல பெயர். கம்பெனிகளை வாங்கி விற்கும் விவகாரங்களைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதிகம் பேரை வேலைக்கு எடுப்பது அந்தப் பிரிவுதான். கோட்டும் அங்கேதான் இருந்தான்.

இனி வருவது எனக்குப் பின்னால்தான் தெரியும். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒரு நாள் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கச் சொன்னார்கள். ஒரு தொழிற்சாலையை வாங்க ஆட்கள் வந்திருந்தார்கள். வாங்கிய பிறகு எந்தப் பிரிவை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று பேச்சு போனது. நடுவில்தான் ஒருவர் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். அது எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. இவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிரிவின் தலைமை வக்கீலம்மாவிடம் குனிந்து, "மேடம், வெளியில ஒரு நிமிஷம்" என்றாள்.

"என் அக்கா அங்க வேலை பார்க்கிறாங்க மேடம். எனக்கு இப்பதான் பெயர் தெரிஞ்சுது."

"எதுவரைக்கும் கேட்டீங்க?"

"சரிபார்க்கிற பிரிவை மூடறதுவரைக்கும்."

"அக்கா எந்தப் பிரிவு?"

"அதேதான்."

வக்கீலம்மா கூட்ட அறையின் கதவைச் சாத்தினாராம். "நீங்க உள்ள வர வேண்டாம். பையை நான் கொடுத்து அனுப்பறேன். இது வீட்டுக்குப் போச்சுன்னா உங்களுக்கு மட்டும் இல்ல, எங்களை நம்பி வந்தவங்களுக்கும் துரோகம்."

"போகாது மேடம்."

மறுநாள் அவளைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு வக்கீல்கள் நாள் முழுக்கக் கடை, கிடங்கு வாடகை ஒப்பந்தங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவு புதிதாக யாரையும் எடுத்துப் பல காலம் ஆகியிருந்தது. கோட்டு வந்து கேட்டானாம்: "பேசாம உக்காந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது? உன் வாய் சும்மா இருக்காதா?"

வீட்டில் ரேடியோ நின்றுபோனது. கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பாள். யாரோ திட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து, மருந்து கம்பெனி ஒன்று என்னைத் தன் பொதி கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிட்டது. வார முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். இங்கே எனக்கு ஜன்னலோர இடம், பழகிய ஆட்கள். முடிவெடுக்க முடியாமல் அவளிடம் கேட்டேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு. போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமா?"

கையிலிருந்த துண்டை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

"அக்கா, இதை என்கிட்ட கேக்காதே."

"ஏன்?"

"கேக்காதேன்னா கேக்காதே."

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கிறவன் விஷயத்துக்கெல்லாம் கருத்து சொல்லுவே. கூடப் பிறந்தவ கேட்டா வாய்க்குப் பூட்டா?"

அவள் துண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் நேராக அந்தத் தலைமை வக்கீலம்மாவிடம் போய் நின்றிருக்கிறாள்.

"அக்கா ஒண்ணு கேட்டாங்க மேடம். பதில் சொல்ல முடியாதுன்னேன். அதுவே ஒரு பதிலா ஆயிடுமா?"

"அக்கா ஏதாவது புரிஞ்சுக்கிட்டாங்களா?"

"இல்ல மேடம். கோவிச்சுக்கிட்டாங்க."

"அப்ப சரி" என்றாராம் வக்கீலம்மா.

கோபித்துக்கொண்டது உண்மை. படிப்பு ஏற ஏற அக்காவின் வேலை இளப்பமாகிவிட்டது என்று நினைத்தேன். மருந்து கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்த வாரத்தில் தொழிற்சாலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து அறிவித்தார்கள். கம்பெனி கைமாறுகிறது. சரிபார்ப்பதற்கு இனி இயந்திரம். அங்கிருந்தே மருந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "வீட்டுலயே வக்கீலை வச்சுக்கிட்டு நமக்கு ஒரு வாய்தா கூட வாங்க முடியலையே" என்றார் என் வீட்டுக்காரர். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் அவள். அப்போதுதான் கூட்டத்திலிருந்து கடைசி அறை வரை எல்லாவற்றையும் சொன்னாள். வேலைக்கு அழைப்பு முந்தின நாளே வந்திருந்தது. வாடகை ஒப்பந்தப் பிரிவுக்கு, அந்தத் தலைமை வக்கீலம்மா சொல்லி. அதையும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "தெரிஞ்சுக்கிட்டேதான் அன்னைக்குத் துண்டு மடிச்சுக்கிட்டு இருந்தியா?"

"ஆமா மாமா."

எனக்குக் கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பசை விட்டுப்போன பெட்டியை நான் என்னைக்காவது, யாருக்காகவாவது அனுப்பியிருக்கேனா?" என்றேன். "போ, கை கழுவிட்டு வந்து சாப்பிடு."

அதற்குப் பிறகு சில மாதம் வேலை தேடி அலைந்தேன். இப்போது ஒரு சிறிய அச்சகத்தில் தாள்களைச் சரிபார்க்கிறேன். சம்பளம் முன்னைவிடக் குறைவு. அவள் படிப்பை முடித்து, அதே கடைசி அறையில் வக்கீலாக இருக்கிறாள். இந்தக் கதையை வீடு வீடாகச் சொல்லி முடித்தவர் என் வீட்டுக்காரர். இப்போது ரேடியோ அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா வந்தார். "தங்கச்சி இருக்காளா? கொஞ்சம் தனியாப் பேசணும்."

"என்ன விஷயம்?"

"அவகிட்டதான் சொல்லணும். உனக்குச் சொன்னா உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி."

இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துத் தையல்காரம்மா முகம் தெளிந்து வெளியே வந்தார். அவர் போன பிறகு, "என்னவாம்?" என்று கேட்டேன்.

"பால் தீர்ந்துடுச்சாக்கா? வாங்கிட்டு வரவா?" என்றாள் என் தங்கை.