அந்த வருடம் சனிக்கு வளையம் இல்லை

அக்கா மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். புடவையின் கீழ்க்கரைக்கு உள்பக்கமாக ஃபால் துணி வைத்துத் தைப்பது அவள் வேலை. வெளியே தெரியாதபடி பொடிப்பொடியாகக் கையால் தைப்பாள். சென்ற செப்டம்பரில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணில் பொங்கல் கழிந்து எடுப்பதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் நான்.

நாங்கள் தாராவியில் வளர்ந்தவர்கள். எனக்கு டெக்னீசியன் வேலை கிடைத்து அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் இருபத்தேழு வருடம் இருந்தேன். இப்போது செம்பூரில் நாலாவது மாடி. எங்கள் கட்டடத்தில் கிரகணம் எத்தனை மணிக்கு என்பதிலிருந்து பம்பு ஏன் உறுமுகிறது என்பதுவரை என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றதும் ஆளாளுக்குக் கோயில் கோயிலாகப் போனார்கள். நான் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடிக்கு வந்தால் சனியின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று எங்கள் கட்டடத்துச் சொசைட்டி வாட்ஸாப் குழுவில் போட்டேன். அக்காவையும் கூப்பிட்டேன். அவள் தயங்கினாள். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் விளக்குப் போடுகிறவள், ஆனால் சனீஸ்வரனுக்கு நேராக ஒருநாளும் நின்றதில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"ஏல, அவர நேருக்கு நேரா பாக்கச் சொல்லுதியே, நல்லாவா இருக்கும்?"

"குழாய்தாங்க்கா அவர நேரா பாக்கும். கண்ணு வைக்கிற இடம் பக்கத்துல இருக்கு. நீ ஓரமா நின்னு எட்டிப் பாத்தா போதும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சரி" என்றாள். குர்லாவில் வண்டி மாறி, கூட்டத்தில் நசுங்கி வந்து சேர்ந்தாள்.

ஏழரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் பதினைந்து பேர் நின்றார்கள். நான் இந்தியில் பிரசங்கம் செய்தேன். தண்ணீரைவிட லேசான கிரகம், அது மூழ்குகிற அளவுக்குத் தொட்டி கட்டினாலும் மிதக்கும். பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுழல்வதால் இடுப்பு உப்பியிருக்கும். வளையம் முழுக்கப் பனிக்கட்டி. பல வருடங்களுக்கு முன் குவார்ட்டர்ஸில் ஒரு நண்பரின் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறேன். தொப்பி விளிம்பு மாதிரி வளையம் சாய்ந்து நின்றது. அதே நினைப்பில் பேசினேன். கண்ணை வைத்தபோது மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பின்னால் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

முதலில் சொசைட்டி செக்ரட்டரி பார்த்தார். "அரே வா! ரிங் ஏக்தம் கிளியர்!" அதன்பிறகு பார்த்த அத்தனை பேருக்கும் வளையம் தெரிந்தது.

அக்கா கடைசியாக வந்தாள். வலது கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"வளையம் ஒண்ணும் இல்லியே. உருண்டையா இருக்கு. குறுக்க ஊசி குத்தி வச்சாப்ல ஒரு கோடு போவுது. அம்புட்டுதான்."

தமிழ் தெரிந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆபரேஷன் ஆன கண், இன்னும் சரியாகவில்லை என்று இந்தியில் எல்லோருக்கும் விளக்கினேன். அவளிடம் திரும்பி, "உனக்குத்தாங்க்கா கண்ணு தெரியல. மத்தவங்க எல்லாருக்கும் தெரியுதுல்லா?" என்றேன்.

அக்கா தொலைநோக்கியை விட்டு விலகினாள். நகர்ந்து போய் மாடிப்படி விளக்கைப் பார்த்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருதரம், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருதரம். அப்படி அவள் நின்றது இப்போதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு நிதானமாகப் பார்த்தேன். ஒரு உருண்டை, குறுக்கே ஒரு கோடு. அவள் சொன்னது அப்படியே இருந்தது.

போனில் தேடினேன். சனி கிட்டத்தட்ட இருபத்தேழு டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு மாறாமலே இருபத்தொன்பது வருடத்துக்கு மேல் எடுத்துச் சூரியனைச் சுற்றுகிறது. அதனால் வளையத்தின் மேல்பக்கம் நமக்குச் சில வருடம் தெரியும், கீழ்ப்பக்கம் சில வருடம். ஒரு சுற்றில் இரண்டு தடவை அது விளிம்பை நம் பக்கம் திருப்பிக்கொள்ளும், அப்போது வெறும் கோடாகத்தான் தெரியும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் அகலம், தடிமனோ பெரும்பாலான இடங்களில் எங்கள் செம்பூர் மாடிக்கட்டட உயரம்கூடத் தேறாது. விளிம்பு திரும்பிய வருடம் பார்த்துத்தான் நான் ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

அக்கா அப்போது கீழே என் வீட்டில்தான் இருந்தாள், என் மனைவிக்குச் சப்பாத்தி தேய்த்துக் கொடுத்துக்கொண்டு. இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் செக்ரட்டரிக்கும் சொல்லவேண்டும், பதினைந்து பேர் முன்னால் அசடு வழியவேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "அந்த வளையம் பெருசா இருக்குமால?"

"ம்" என்றேன்.

நாளை வந்தது, போனது. பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அவள் மருமகள் போன் செய்தாள். "மாமா, அத்தை ரெண்டாவது ஆபரேஷனுக்கு மாட்டேங்கறாங்க. இந்தக் கண்ணே ஃபெயிலாயிடுச்சாம். தைக்க வாங்கின புடவையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டாங்க. டாக்டர் கண்ணு நல்லாருக்குன்னு சொன்னாலும் கேக்கல."

மறுநாள் காலையிலேயே டோம்பிவிலிக்கு ரயில் ஏறினேன்.

அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஊசி இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வருடம் யாருக்கும் வளையம் தெரியாது, மற்றவர்கள் சும்மா சொன்னார்கள், நீ பார்த்ததுதான் சரி என்று. அவள் தலையை ஆட்டினாள்.

"எம் மனசு ஆறட்டும்னு சொல்லுத. நீ போயி தப்பா சொல்லுவியா?"

போனில் படத்தைக் காட்டினேன். "போன்ல என்னத்தையும் காட்டலாம்" என்றாள். டாக்டர் பேச்சை எடுத்தேன். "அவரு செஞ்ச வேலய அவரு நல்லாருக்குன்னுதான சொல்லுவாரு?" என்றாள். இத்தனை வருடம் எல்லாம் தெரிந்தவனாக நடந்துகொண்டதற்கு நல்ல பலன்.

கடைசியில் அவளே கேட்டாள். "இது உனக்கு எப்ப தெரியும்?"

நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"அன்னைக்கேக்கா. நீ சப்பாத்தி தேய்ச்சிட்டு இருந்த. மாடியில வச்சே தெரிஞ்சிட்டு. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

அப்போதுதான் நம்பினாள். ஆறுதல் சொல்ல வருகிறவன் தன்னைத்தானே இப்படிக் கேவலப்படுத்திக்கொண்டு சொல்லமாட்டான் அல்லவா? என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசமா குருடியாயிருவேன்னு பயந்துட்டு கெடந்தேன்" என்றாள். "ஒரு போன் போட்டிருக்கலாம்லா."

எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொசைட்டி குழுவில் நடந்ததை எழுதினேன். செக்ரட்டரி கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டார். அதோடு சரி.

இடது கண் ஆபரேஷன் மாசி பிறந்ததும் நடந்தது. முதல் ஆபரேஷனுக்கு அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நான். இந்தத் தடவையும் வருகிறேன் என்றேன். "வேண்டாம்ல, மருமக வாரா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இப்போது மறுபடி தைக்கிறாள். ஆனால் எதையாவது பார்த்தால் இது என்னது என்று என்னிடம் கேட்பாளே, அந்தக் கேள்வி நின்றுவிட்டது.

போன சனிக்கிழமை கோயிலிலிருந்து வந்து போன் செய்தாள்.

"ஏல, இன்னைக்கு சனீஸ்வரன நேரா நின்னு பாத்துட்டேன்."

"பயமா இல்லியாக்கா?"

"அவருகிட்ட என்னல பயம்? அவரு உள்ளதத்தான காட்டுனாரு."