காமிராவின் மணை

வாப்பா துபாய்க்குச் சபுர் போவதை நிறுத்த நான் ஒருமுறை ஏற்பாடு செய்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை துபாயிலிருந்து திருமலைராயன்பட்டினம் வருவார். இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வாப்பாக்கள் அப்படித்தான்.

அந்தத் தடவை உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் காமிரா கொண்டு வந்திருந்தார். கூடவே ஒரு சின்னப் பீடம். அதில் உட்கார வைத்தால்தான் காமிராவுக்குச் சார்ஜ் ஏறும், ஆரஞ்சு விளக்கு எரியும். உம்மா அதற்கு மணை என்று பெயர் வைத்தாள். மணை இல்லாவிட்டால் காமிரா செத்துப்போகும் என்று வாப்பா சொல்லியிருந்தார். காமிரா இல்லாமல் அவருக்கு ஒரு நிமிஷம் ஓடாது. உம்மா மீன் கழுவுவதைக்கூடப் படம் எடுப்பார். ஆக, மணையை ஒளித்தால் அவர் எப்படிப் போவார்?

புறப்படும் நாள் காலையில் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்த மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் திணித்தேன். மிக்ஸி வந்து ஆறு வருடமாகியும் உம்மா அந்தப் பெட்டியைத் தூக்கிப்போடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

வேன் வாசலில் வந்து நின்றது.

"ஏங்க, மணையக் காணோமே! இங்கதானே இருந்துச்சு?" உம்மா வீட்டையே புரட்டிப் போட்டாள்.

வாப்பா என் தலையைத் தடவிக்கொண்டே, "விடு, தேடாத. வந்து எடுத்துக்கிறேன்" என்றார். துஆ ஓதிவிட்டுப் படியிறங்கினார்.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மணை இங்கே இருக்கும்வரை அவர் வந்துதானே ஆகவேண்டும்? எதிர்வீட்டுக்காரர் துபாய் போகும்போது, தேடிக் கொடுத்துவிடவா என்று உம்மா போனில் கேட்டாள். "வேணாம், அது அங்கயே இருக்கட்டும்" என்றார் வாப்பா. நான் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.

அவர் வருவதற்கு ஒரு மாதம் இருந்தபோது, அங்கேயே நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. கடைசியாக முகம் பார்க்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. சில வாரம் கழித்து அவருடைய பெட்டி மட்டும் வந்தது. சட்டைகளுக்கு நடுவே காமிரா.

உம்மா அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "அங்க எடுத்த படம் ஒண்ணாவது இருக்கும்ல, அவங்க மொகம் இருக்கும்ல" என்று அழுதாள். நான் போய் மணையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். எங்கே இருந்தது என்று அவள் கேட்கவில்லை. ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

வாப்பாவின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. எடுத்தவர் அவர்தானே. உம்மா, மீன், மறுபடியும் உம்மா, நான். கடைசிப் படத்தில் எங்கள் கட்டில். அதன் அடியில் குப்புறப் படுத்திருக்கும் நான், திறந்த மிக்ஸி பெட்டி, அதற்குள் போய்க்கொண்டிருக்கும் மணை. அதற்குப் பிறகு அவர் படமே எடுக்கவில்லை.

உம்மா என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். எனக்கோ மாட்டிக்கொண்டோமே என்ற பயம். வாப்பா அன்றைக்கே பார்த்துவிட்டார் என்பது மட்டும் புரிந்தது. பார்த்தவர் ஏன் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை, இரண்டு வருடம் ஏன் செத்த காமிராவோடு இருந்தார் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.