மாட்டுங்கா முகவரி

சாதியா மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் சர்வதேச வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கப் போன இடத்தில் அவள் கொடுத்த முகவரி, பக்கத்தில் வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்கா. தாராவி என்று எழுதினால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள் என்று அவர்கள் சந்தில் எல்லாரும் மாட்டுங்காவில் தெரிந்தவர் வீட்டைத்தான் எழுதுவார்கள். அவள் வாப்பா உதுமான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

படிப்பு முடியக் களப்பயிற்சி வேண்டும். ஆய்வுக்கு வந்த வெளிநாட்டுப் பேராசிரியைக்கு மொழிபெயர்க்க அவளைப் போட்டார்கள். அந்த அம்மாள் நல்லபடியாக எழுதிக்கொடுத்தால் அடுத்த வருடம் கென்யாவில் வேலை. களம் எது? தாராவி. பிறந்த ஊரையே போய்ப் பார்த்து அனுபவம் பெற வேண்டுமாம். இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

முதலில் வேறு சந்துகள். பிறகு எந்த வீடுகளில் கேட்பது என்று போட்ட குலுக்கலில் அவள் சந்து விழுந்தது, அதிலும் அவள் வீடு. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் பொய் முகவரி வெளியே வரும், பயிற்சி போகும். வாய் வரவில்லை. துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சைனப் மாமி பார்த்தாள், பார்க்காதது மாதிரி குனிந்துகொண்டாள். எழுதிக்கொடுத்த முகவரிப்படி அவள் மகனும் மாட்டுங்காக்காரன்தான்.

வாசலில் நின்ற உம்மா நூர் நிஷாவுக்கு மகள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் பேராசிரியைக்குப் போட்டாள்.

"வாங்க மேடம். நீங்களும் உக்காருங்க," என்று மகளுக்குப் பாயைக் காட்டினாள்.

டீ கொண்டுவந்து மகள் பக்கம் திரும்பினாள். "சீனி போடலாமா மேடம்?"

இத்தனை வருடமாக டீ போட்டுக் கொடுத்தவள் கேட்கிறாள்.

"போடுங்க," என்றாள் சாதியா. வெட்கமாவது வந்திருக்கலாம். அதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பேராசிரியை பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டார். சாதியா அதைத் தமிழில் கேட்டாள்.

"ஒத்தப் பொம்பளப் புள்ள மேடம். வெளியூர்ல படிக்கா."

அதை அப்படியே மொழிபெயர்த்தாள். பேராசிரியைக்கு சந்தோஷம்.

அடுத்து, வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார் என்ற கேள்வி. அதுவரை அளந்து பேசிய நூர் நிஷாவுக்கு இங்கேதான் வாய் தவறியது.

"எம்மவதான் காலைல எந்திரிச்சிப் புடிப்பா. என்னய ஒரு குடம் தூக்க விடமாட்டா."

சொல்லும்போது முகம் பெருமையில் மலர்ந்திருந்தது. சொன்ன பிறகுதான் உறைத்தது. சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பேராசிரியை பேனாவோடு காத்திருந்தார்.

"அவரேதான் பிடித்துக்கொள்கிறாராம். உதவிக்கு யாரும் இல்லையாம்," என்று சாதியா ஆங்கிலத்தில் சொன்னாள்.

கேள்வி கேட்க இப்படி எத்தனையோ பேர் அந்தச் சந்துக்கு வந்து போனதில், நூர் நிஷாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். காலி கிளாஸ்களை எடுக்கக் குனிந்தாள்.

"ஆமா மேடம்," என்றாள். "யாருமில்ல."