லோகோவைத் தாண்டாத போன்

ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டரைத் தேடி வருபவர்களில் பாதிப் பேருக்கு வைத்தியம் தேவைப்படாது. வெள்ளைத் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே வருவார்கள். மாடிப்படிக்கு அடியிலிருக்கும் சின்ன அறையைக் கண்டுபிடித்து, கதவு நிலையில் ஒருமுறை இடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டுவார்கள்.

"ஆன் பண்ணா கம்பெனி லோகோவத் தாண்ட மாட்டேங்குது சார்."

"நீ பாத்தியா?"

"எங்க பாக்கறது? பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லிச்சு."

ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. போனின் உள்பூட்டைத் திறந்து, கம்பெனி போட்டுக் கொடுத்ததைத் தள்ளிவைத்துவிட்டுத் தனக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வதற்கு ரூட் பண்ணுவது என்று பெயர். அதை அவர் பதினைந்து வருஷமாகச் செய்கிறார். கூட்டாளிகளுக்கு அவர் 'ரூட்டு'. ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர் சார். வீட்டில் வெறும் 'டேய்'.

வைத்தியம் பார்க்கும் விதமே தனி. போனை உள்ளங்கையில் மல்லாத்தி, பவர் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒருமுறை உறுமினால் உயிர் இருக்கிறது. உறுமி, அடங்கி, மறுபடி உறுமினால் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிறது. முதுகு சுட்டால் உள்ளே ஏதோ முட்டி மோதுகிறது. சில்லென்று இருந்தால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படு. பெரும்பாலும் வியாதி ஒன்றுதான்: மாற்றி வைத்த போனில் கம்பெனியின் புது அப்டேட்டை ஏற்றியிருப்பார்கள். இரண்டும் ஒட்டாமல் போன் நடுவழியில் நின்றிருக்கும்.

"அப்டேட் கேட்டா என்ன சொல்லணும்?" என்று கண்டிப்பார்.

"அப்புறம் பாக்கலாம்னு."

"கடன் கேக்கற மச்சான்கிட்ட சொல்ற மாதிரி சொல்லணும். முகம் கோணாம, ஆனா எப்பவுமே."

அவர் தன் போனை மாற்றி வைத்திருப்பது ஒரு குரலுக்காக. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல். இப்போது வரும் குரல்கள் எல்லாம் மனுஷக் குரல் போல நெளிந்து குழைந்து பேசும். வேகமாக ஓடவிட்டால் ஒரு சொல் இன்னொன்றின் மேல் ஏறிவிடும். பழைய குரல் தகரத்தில் ஆணி அடிப்பது போல இருக்கும். ஆனால் எத்தனை வேகத்தில் விட்டாலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழும். அதைச் செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது. இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. புதுப் போன்கள் அதை ஏற்காது. பூட்டைத் திறந்துதான் உள்ளே குடிவைக்க வேண்டும். ஆபரேட்டர் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசும்போது பார்வையுள்ளவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

"என்னடா இது, சட்டியில கடுகு வெடிக்கற மாதிரி?" என்பார் அண்ணன்.

அண்ணனுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. தம்பிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான் படித்துக் காட்டுகிறவர். பள்ளிப் பாடம், வேலை உத்தரவு, மருந்துச் சீட்டு, பிஸ்கட் பாக்கெட் எல்லாம். எதைக் கொடுத்தாலும் தலைப்பில் தொடங்கி அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை ஒன்றுவிடாமல் படிப்பார். "அதெல்லாம் எதுக்குண்ணே, சாரத்த மட்டும் சொல்லு" என்றால் கோபம் வரும். "இருக்கறத இருக்கற மாதிரி படிக்கறதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம்."

அந்த அண்ணனிடம்தான் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். தனியாப் போய் இருக்கலாம்னு."

கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணியிடமிருந்துதான் முதல் பேச்சு வந்தது. "இங்க என்ன குறை வெச்சோம்?"

"குறையே இல்ல அண்ணி. அதான் குறை."

அண்ணன் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஒரு வாரம். இதே வீட்டுல, எதுக்கும் என்னைக் கூப்பிடாம இருந்து காட்டு. திங்கள்லேந்து ஞாயிறு வரைக்கும். இருந்துட்டேன்னா நானே பெட்டியத் தூக்கிட்டு வந்து விட்டுட்டு வரேன்."

"கூப்பிட்டுட்டா?"

"இந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது."

வாரம் நன்றாகவே போனது. பால் பாக்கெட்டின் தேதியைப் போனின் கேமராவில் காட்டிக் கேட்டார். கரண்ட் பில்லைப் படிக்கவைத்து, தானே பணம் கட்டினார். சட்டையின் நிறத்தைக் கேட்டுப் போட்டுக்கொண்டார். ஒரு மாலை அண்ணி அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்: "நீங்க போயிட்டா இவரு யாருக்குப் படிச்சுக் காட்டுவாரு?"

ஆபரேட்டர் அதைக் கேட்டும் கேட்காதது போல நகர்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து நெரிசலான லிஃப்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் ஏதோ கேட்டது. ஒரு கையில் தடி, மறு கையில் சாப்பாட்டுப் பை. யாரோ முதுகில் இடித்தார்கள். குரலை முழுக்கக் கேட்காமல், கேள்வியை விரட்டினால் போதும் என்று கட்டைவிரலால் இருமுறை தட்டிவிட்டார். தட்டியது எதன் மேல் என்பது ஞாயிறு காலைதான் தெரிந்தது. தலையணைக்குப் பக்கத்தில் போன் உறுமியது, அடங்கியது. மறுபடி உறுமியது.

ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன மனிதர் கட்டிலில் உட்கார்ந்து அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனின் முதுகு அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

அண்ணி ஞாயிறும் வேலைக்குப் போகிறவள். அவள் கிளம்புவதற்குள் அவளுடைய போனை வாங்கி, கூட்டாளி ஒருவரை அழைத்தார். அவரும் பார்வையற்றவர்; பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார் என்பதால் பெயரே 'ரேடியோ'.

"ரூட்டு போனுக்கே ரூட்டு தெரியலயா?" என்று சிரித்த ரேடியோ, விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை விட்டுவிட்டார். "வால்யூமும் பவரும் சேத்து அமுக்கினா லிஸ்டு வருமில்ல, அதுல 'சேஃப்'னு ஒரு வரி இருக்கும். நாம போட்டத எல்லாம் ஒதுக்கி வெச்சிட்டு போன எழுப்பும். அதுக்கப்புறம் நீயே பாத்துப்ப."

"அந்த வரி எத்தனாவதுன்னு எனக்கு மனப்பாடம்யா."

"அங்கதான் இருக்கு குழி. இந்த அப்டேட்டு வரிசைய மாத்திடுச்சு. நான் பழைய நெனப்புல அமுக்கினேன். மொத்தத்தையும் தொடச்சுப் போட்டுச்சு. என் பழைய குரலும் போச்சு. இப்ப ஒரு பொம்பளை எங்கிட்ட கொஞ்சிக் கொஞ்சிப் பேசறா, ஒரு எழவும் புரியல. கடைக்கும் கொண்டு போகாத, அவனும் தொடச்சுத்தான் குடுப்பான். கண்ணு தெரிஞ்சவங்க யாராவது ஒரு தடவ லிஸ்டப் படிச்சாப் போதும்."

அந்தப் பட்டியல் பேசாது. பேசும் மென்பொருள் விழிப்பதற்கு முந்தைய இடம் அது. திறக்கும்போது ஒரு நீண்ட உறுமல், வரிக்கு வரி நகரும்போது ஒரு சின்னத் துடிப்பு. விரலுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

அண்ணி போனை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டாள். வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தார். கூடத்தில் செய்தித்தாள் புரளும் சத்தம். ஆபரேட்டர் கதவருகே போவதும் திரும்பி வந்து கட்டிலில் உட்காருவதுமாக இருந்தார். பந்தயம் முடிய ஒரு பகல் பாக்கி. பேசாமல் இருந்துவிட்டால் ஜெயித்துவிடலாம். ஆனால் குரல் இல்லாமல் ஜெயித்து அந்த அறைக்குப் போய் என்ன செய்வது? வேறு யாரிடம் காட்டினாலும் ஒரு வரி தப்பிவிட்டால் குரல் போய்விடும்; அண்ணன் ஒரு எழுத்தும் பிசகமாட்டார். தோற்றாலும் பரவாயில்லை, அண்ணனிடம் கெஞ்சிக் கேட்டு இன்னொரு வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அண்ணே."

செய்தித்தாள் நின்றது.

"தோத்துட்டேன்னே வெச்சுக்க. ஒரே ஒரு தடவ இதப் பாத்துச் சொல்லு. இங்கிலீஷ்ல ஒரு லிஸ்டு வரும். வரிசையாப் படி."

அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபரேட்டர் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். போன் நீளமாக உறுமியது. பட்டியல் திறந்துவிட்டது. போனை அண்ணன் பக்கம் திருப்பினார்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காம்புகள் சடக்கென்று திறந்த சத்தம் வந்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். வழக்கமாக அவர் படிக்கத் தொடங்க இத்தனை நேரம் ஆகாது.

"ஒண்ணும் இல்லடா" என்றார். "இருட்டா இருக்கு."

"ஒரு எழுத்துகூட இல்லயா?"

"இல்ல. செத்துப்போச்சு போல."

ஆபரேட்டர் கட்டைவிரலால் வால்யூம் பொத்தானைத் தொட்டார். போன் ஒரு துடிப்புத் துடித்தது. இன்னொருமுறை. இன்னொரு துடிப்பு. இல்லாத பட்டியலில் ஒரு வரி, அதற்கடுத்த வரி. அண்ணனின் தோள் அவர் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தோள் இறுகியது.

"போனாப் போகுதுடா" என்றார் அண்ணன். குரல் இளகியிருந்தது. "நான்தான் இருக்கேன்ல."

ஆபரேட்டர் பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் போனை அணைத்தார். அன்று பகல் முழுவதும் கட்டிலிலேயே கிடந்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது வேறு. அண்ணன் படிக்கக் கேட்டவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பள்ளியில் ஆசிரியர்கள் எழுதியனுப்பிய குறிப்புகள். வேறு ஊரில் வேலைக்கு மனுப் போட்டபோது வந்த பதில்கள். ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து வந்த நாலு வரி. எல்லாம் அண்ணன் குரலில்தான் அவருக்குத் தெரியும். அவை எல்லாம் சரியாகப் படிக்கப்பட்டவையாகத்தான் இருக்கும். இருக்கும்தான். அந்தக் காகிதங்கள் எதுவும் இப்போது இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியைப் பிடித்தார்.

"இங்கிலீஷ் படிப்பியா?"

"படிக்க வராது சார். எழுத்து தெரியும்."

"எழுத்து போதும்."

போன் நீளமாக உறுமியது.

"அட, ஏழெட்டு வரி இருக்கே சார்!" என்றான் காவலாளி, உற்சாகமாக.

ஆபரேட்டர் தலையை ஆட்டினார். தெரிந்த செய்திதான். இருந்தும் இன்னொருமுறை எண்ணிச் சொல்லச் சொன்னார்.

காவலாளி எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல இவர் சேர்த்துக்கொண்டே போனார். பழைய மனப்பாடத்தின்படி 'சேஃப்' இருக்கவேண்டிய இடத்தில் டபிள்யூ, ஐ, பி, இ என்று வந்தது: மொத்தத்தையும் துடைக்கும் வரி. ரேடியோ விழுந்த குழி. 'சேஃப்' அதற்கு இரண்டு வரி கீழே இருந்தது. அழுத்தினார். போன் உறுமியது, மறுபடி உறுமவில்லை. லோகோவைத் தாண்டியது.

"வந்துடுச்சு சார்!" என்று கத்திய காவலாளி, "நான் பண்ணேன்!" என்று அந்தப் பக்கம் போன நர்ஸிடமும் சொன்னான்.

புது அப்டேட்டோடு சண்டை போட்ட ஒரு மென்பொருள் துணுக்கைக் கழற்றிவிட்டு, மற்றதை மறுபடி கூட்டிவைக்க மதியம் ஆனது. பழைய குரல் திரும்ப வந்தது. வேகம் மட்டும் கம்பெனி வைத்த கணக்குக்கே போயிருந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் போல நிறுத்தி நிறுத்திப் பேசியது. அதைக் கூட்டிவைக்க ஒரு நிமிஷம் போதும். ஏனோ கை ஓடவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது போன் மேசையில் கிடந்து நேரத்தைச் சொன்னது. மெதுவாக, தெளிவாக.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். "சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"யாரு பாத்துச் சொன்னா?"

"எங்க செக்யூரிட்டி."

அண்ணி தண்ணீர் ஊற்றினாள்.

"நான் பந்தயத்துல தோத்துட்டேன்" என்றார் ஆபரேட்டர்.

"விடு" என்றார் அண்ணன். தட்டு நகர்ந்த சத்தம் கேட்டது. "என்னைக்குப் போகணும்னு சொல்லு. பெட்டியத் தூக்கிட்டு நான்தான் வருவேன்."

அந்த வார வெள்ளிக்கிழமையே போனார்கள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. புதுச் சுண்ணாம்பு வாசனை. அண்ணன் பெட்டியை இறக்கிவைத்தார். அடுப்பின் குமிழ்களைத் திருகிப் பார்த்தார். சுவிட்சுகளைத் தம்பியின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தார். ஜன்னல் கொக்கி தளர்ந்திருப்பதைக் குறை சொன்னார். செய்ய வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனபோது கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தைக் கண்டார்.

"வீட்டுக்காரம்மா ஏதோ ஒட்டியிருக்கா."

"என்னவாம்?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "குடியிருப்போர் கவனத்திற்கு" என்று தொடங்கினார். தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு வெளியே போகக் கூடாது. மொட்டை மாடிக் கதவை மாலையில் பூட்ட வேண்டும். குப்பையை மாடிப்படியில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வரியாக, ஒன்றுவிடாமல், அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரை படித்தார். இத்தனை நிதானமாக அவர் படித்து ஆபரேட்டர் கேட்டதில்லை.

"சரி, வரேன்டா."

"பாத்துப் போண்ணே."

கதவு சாத்திக்கொண்டது. அண்ணனின் வலது செருப்பில் வார் தளர்ந்திருக்கும். சரக், சரக் என்று படிகளில் இறங்குவது கேட்டது. ஆபரேட்டர், தான் என்ன செய்கிறோம் என்று யோசிக்க விரும்பாதவர் போல, போனை எடுத்துக் கதவுக்கு நேராக நீட்டினார்.

"குடியிருப்போர் கவனத்திற்கு" என்றது போன்.

காலி அறையில் சத்தம் கணீரென்று இருந்தது. வேகத்தைக் கூட்டாமலே விட்டது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மோட்டார். மொட்டை மாடிக் கதவு. நிறுத்தி நிறுத்தி, யாருக்கும் புரியும்படி, அண்ணன் படித்த அதே சொற்கள் அதே வரிசையில் வந்தன.

படியின் திருப்பத்தில் செருப்புச் சத்தம் நின்றிருந்தது.

ஆபரேட்டர் திரையின் மேல் விரலை வைத்தார், ஆனால் தட்டவில்லை. பாதியில் நிறுத்தினால் அது இன்னும் மோசம். குப்பை. மாடிப்படி. போன் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சொல்லி முடித்தது.

அதன் பிறகுதான் செருப்பு, சரக், சரக் என்று கீழே இறங்கியது.