வாளித் தண்ணீரின் நிறம்

எண்பதுகளின் நடுப்பகுதியில், ஈப்போவில் நான் வேலை பார்த்த படக்கடைக்கு ஒரு தானியங்கி இயந்திரம் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகள் வண்ணப் படங்களை இருட்டறையில் கையாலேயே அச்சிட்டு வந்தவன் நான். ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவனுக்கு அந்த அறையே மேற்படிப்பு. சிறு துண்டுத் தாளில் முதலில் ஒரு சோதனை அச்சு எடுப்பேன். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, படத்திலிருப்பவரின் முகத்தை உற்றுப் பார்த்து, சிவப்பு மிகுந்துள்ளதா, நீலம் ஏறியுள்ளதா என்று தீர்மானித்து, வண்ணத் தகடுகளை மாற்றி மறுபடியும் அச்சிடுவேன். ஒரு படத்துக்கு அரை மணி நேரம்கூட ஆவதுண்டு.

புதிய இயந்திரத்திலோ, கழுவிய படச்சுருளை ஒரு பக்கம் செலுத்தினால் மறுபக்கம் படங்கள் உலர்ந்து வந்து விழுந்தன. ஒவ்வொரு படத்திலும் எந்த நிறம் தூக்கலாக நிற்கிறது என்று அதுவே அளக்கும்; தூக்கலானதை அடக்கும்; குறைந்ததைக் கூட்டும்; எல்லாவற்றையும் ஒரு நடுநிலைக்கு இழுத்துவிடும். பெரும்பாலான படங்களுக்கு அது நன்றாகவே பொருந்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரே நிறம் படத்தை நிறைத்திருந்தால் அது ஏமாந்துபோகும். கூறைச் சேலையின் சிவப்பைக் கண்டு மிரண்டு, அதைத் தணிக்கப் போய், மணப்பெண்ணின் முகத்தில் பச்சை பாய்ச்சிவிடும்.

“எம்மவ மொகம் ஏன் பாசி புடிச்ச மாதிரி இருக்கு?” என்று ஒரு தாயார் படத்தை மேசைமீது வைத்தபோது, எங்கள் முதலாளி சற்றும் அசராமல், “அது மண்டபத்து லைட்டுலா, அக்கா” என்றார். அவர் தமிழ் முஸ்லிம். ஜவுளி வியாபாரத்திலிருந்து படத்துறைக்கு வந்தவர். இயந்திரத்தில் நிறத்தைக் கையால் திருத்துவதற்கும் பொத்தான்கள் இருந்தன. அவற்றின் மீது என் விரல் போவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

“ஜப்பான்காரன் மூளய உள்ள வச்சு அனுப்பியிருக்கான். நீ ஒன் மூளயக் கொஞ்சம் வெளிய வச்சிட்டு ஒக்காரு.”

உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. காலையிலிருந்து மாலைக்குள் நான்கு முறை எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். நகரின் சிலிபின் வட்டாரத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கைகள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. சோற்றுத் தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்ப்பதாக என் மனைவி குறைபட்டுக்கொண்டாள்.

அந்நாட்களில்தான் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். பாலெடுக்க ரப்பர் மரப்பட்டையைச் சீவும், பால்மரம் வெட்டும் தொழிலாளி. என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு படச்சுருளைக் கழுவக் கொடுத்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று உறையைப் பிரிக்காமலே வாங்கிச் சென்றவர். இப்போது அதே உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னே வைத்தார். சாம்பல் பூத்த தரையில் ஒரு வாளி. வாளியில் தெளிந்த தண்ணீர்.

“இது யாரு வீட்டுத் தண்ணி, தம்பி?”

“உங்க ரோல்தானே, அக்கா?”

“ரோல் எங்களோடது. தண்ணி எங்களோடது இல்ல.”

பிறகு நடந்ததைச் சொன்னார். அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குத் தண்ணீர் தரும் இரும்புத் தொட்டி துருப்பிடித்து, மாதக்கணக்கில் குழாயில் செந்நீராகவே வருகிறது. குடித்தால் வயிற்றுவலி, குளித்தால் பிள்ளைகளுக்குச் சொறி. நிர்வாகத்திடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, தொழிலாளர் அலுவலகத்துக்கு எல்லாக் குடும்பங்களும் கையெழுத்திட்டு மனு எழுதினார்கள். அதனுடன் இந்தப் படத்தின் ஒரு பிரதியும், அவசரத்தில் எவரும் உற்றுப் பாராமலே, போயிருந்தது. மனு விசாரணைக்காகத் தோட்ட அலுவலகத்துக்கு வந்தபோது, அங்கே கணக்கெழுதும் கிராணி அதைப் பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணி கெடச்சா நானே லயத்துக்குக் குடி வந்துருவேன்” என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தாராம். வரும் வியாழக்கிழமை அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். அதற்கு முன்பே தொட்டியைக் கழுவிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். படம் ஒன்றுதான் அவர்கள் கையிலிருந்த சாட்சி. அதுவும் எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகிவிட்டது.

எதிர்மறைச் சுருளை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்த உடனே காரணம் விளங்கிற்று. சிவப்புச் சிமெண்டுத் தரை, சிவப்பு வாளி, செந்நீர். வாளியை ஒட்டி நின்று எடுத்திருந்தபடியால் படத்தில் வேறெதுவும் இல்லை. இயந்திரம் இத்தனை சிவப்பைப் பிழையென்று கருதி, அத்தனையையும் உறிஞ்சி எடுத்துவிட்டிருந்தது.

“சுத்துமுத்தும் வேற எதுவுமே இல்லியா, அக்கா?”

“இருந்துச்சு. படம் புடிக்கிற எடம் குப்பையாவா இருக்கும்? எல்லாத்தயும் எடுத்து உள்ள வச்சிட்டுத்தான் புடிச்சேன்.”

முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். பயன்படுத்தாமல் கிடந்த இருட்டறையைத் திறந்து, பழைய கருவியின் மேலிருந்த தூசைத் துடைத்தேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு என் கைகளுக்கு வேலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் நான் ஒன்றை மறந்தேன். முகமென்றால் எனக்கு நிறம் தெரியும். பச்சை இலையென்றாலும் தெரியும். அந்தத் தண்ணீரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

மூன்று அச்சுகள் எடுத்தேன். ஒன்றில் தண்ணீர் வெளிறிய தேநீராக இருந்தது. அடுத்ததில் செம்மண் குட்டையாக. மூன்றாவதில் ஏறத்தாழக் குங்குமம் கரைத்ததுபோல. அவர் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்.

“இது கொஞ்சம் கூடுதலோன்னு நெனைக்கிறேன், அக்கா.”

“எம்புள்ள தொடையச் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருது. அதவிடக் கூடுதலா?”

அதையே உறையிலிட்டுக் கொடுத்தேன். அவர்மீது கொண்ட இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. இயந்திரம் கழற்றி எறிந்த சிவப்பை வட்டியோடு திருப்பிக் கொடுத்ததில் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. புறப்படும்போது, “நீங்களும் வியாழக்கெழம வாங்க, தம்பி. படத்தப் பத்திக் கேட்டா மலாய்ல எடுத்துச் சொல்ல ஆள் வேணும்” என்றார். சரியென்று சொல்லிவிட்டேன். அவர் சென்ற பிறகு, எஞ்சிய இரண்டு அச்சுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு நாட்களும் அவ்வாறே கழிந்தன. எது சரியான நிறம் என்று சொல்லும் வகை எனக்கு இல்லை.

வியாழனன்று உடம்புக்கு முடியவில்லையென்று விடுப்பெடுத்துக்கொண்டு பேருந்தில் போனேன். எதிர்பார்த்தபடியே தொட்டியைக் கழுவி முடித்திருந்தார்கள். அதிகாரி நடுவயது மலாய்க்காரர், பதற்றமில்லாதவர். குழாயைத் தாமே திறந்தார். தெளிந்த நீர் வந்தது. கிராணி வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பெண்மணி புதிய படத்தை நீட்டினார். அதிகாரி தமது கோப்பிலிருந்து இயந்திரம் அச்சிட்ட பழைய படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே வாளி, அதே கைப்பிடி வளைவு, ஒன்றில் சாம்பல், மற்றதில் குங்குமம்.

“இரண்டும் ஒரே படமா?” என்று மலாயில் கேட்டார். ஆமென்றேன். “இரண்டையும் அச்சிட்டது யார்?” முதலாவதை இயந்திரமும் இரண்டாவதை நானும் அச்சிட்டோம் என்றேன். அவர் குங்குமப் படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“தண்ணீரின் உண்மையான நிறம் இதுதானா?”

சுற்றிலும் வேலை முடித்து வந்தவர்கள் ரப்பர்ப் பால் வாசனையோடு நின்றுகொண்டிருந்தார்கள். ‘ஆம்’ என்பதற்கு மலாயில் ஒரே சொல்தான். அது நாக்கின் நுனிவரை வந்தது. நான் சொன்னதோ இதுதான்: “இயந்திரம் அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லை, ஐயா. நானும் பார்க்கவில்லை. இதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருந்திருக்கலாம்.”

கிராணி இருமுவதுபோல் சிரித்தார். அதிகாரி இரு படங்களையும் கோப்புக்குள் செருகி, பேனாவை மூடப் போனார்.

“ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க” என்றார் அந்தப் பெண்மணி, என்னைப் பாராமலே. வீட்டுக்குள் போனவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகள் நான்கைந்தை அள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளையாக இருக்க வேண்டியவை. கழுத்துப் பட்டையிலும் அக்குளிலும் மடிப்புகளிலும் துருநிறம் ஊறிப் படிந்திருந்தது. படம் எடுத்த அன்று கொல்லைக் கொடியிலிருந்து அகற்றி அவர் உள்ளே வைத்தவை இவைதாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாளியின் பின்னே இவற்றில் ஒன்று தொங்கியிருந்தால்கூட, பார்ப்பவர் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிராது.

“தொவச்சதுதான்னு சொல்லுங்க. தெனமும் தொவைக்கிறேன்னு சொல்லுங்க. நான் அழுக்குப் புடிச்சவ இல்லன்னு சொல்லுங்க.”

நான் மொழிபெயர்த்தேன். அதைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்த் தத்தம் வீட்டுச் சட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அதுவரை ஒருவர் வீட்டுக் கறையை மற்றவர் அறியாதவாறு கொல்லைப்புறத்திலேயே உலர்த்தி வந்தவர்கள் அவர்கள். அதிகாரி ஒரு சட்டையை முகர்ந்தார். சவர்க்கார வாசனை இருந்திருக்க வேண்டும். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து வெகுநேரம் எழுதினார்.

பேருந்து நிறுத்தம்வரை அந்தப் பெண்மணி என்னுடன் நடந்து வந்தார். மரியாதைக்காக வந்தார் என்றே கொள்கிறேன்.

“ஒரு வார்த்த ஆமான்னு சொல்லிருக்கலாம், தம்பி.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியும்ல? நாந்தானே சொல்றேன். நீங்க அத மலாய்ல சொன்னாப் போதாதா?” சாலையைப் பார்த்தபடி, “அந்தக் கிராணி முன்னாடி எம்புள்ள சட்டையெல்லாம் கொண்டாந்து காட்ட வச்சிட்டீங்க” என்றார்.

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. ஈப்போ போய்ச் சேரும்வரை இருக்கையில் நிலைகொள்ளாமல் இருந்தேன். சொன்னது சரியென்று ஒரு மைல்கல்லில் தோன்றும்; அடுத்த கல்லில் தவறென்று படும்.

தொட்டியை மாற்றிப் புதுக் குழாய் போட்டார்கள் என்று சில மாதங்கள் கழித்து அத்தோட்டத்து ஆள் ஒருவர் கடையில் சொன்னார். அந்தப் பெண்மணியைப் பற்றி விசாரித்தேன். தீபாவளிக்கு நிறையப் படம் எடுத்தாராம். எங்கள் கடைக்கு வராமல், ஈப்போவிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடையில் கழுவக் கொடுத்தாராம். அங்கே இருந்ததும் எங்களுடையதைப் போன்ற இயந்திரந்தான்.