ஓடைக்கரைக் காசித்தும்பை

சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே இருக்கும் கூலாய் ஊரில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் தாவரவியலாளராக இருந்தாள் ஷர்மைன். காட்டை அழித்துக் கட்டடம் எழுப்ப நினைப்பவர்கள், அங்கே என்னென்ன செடிகள் இருக்கின்றன என்று முதலில் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையை எழுதித் தருவதுதான் அவள் வேலை.

செடெனாக் பக்கம் ஒரு தொழிற்பேட்டை வரப்போகும் இடத்தை ஆய்வு செய்யப் போனார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த காட்டில், ஓடைப் பாறைகளின் மேல் காசித்தும்பை பூத்திருந்தது. இலையும் பூவும் வடக்கே எங்கும் வளரும் ஓர் இனத்தைப் போலவே இருந்தன. அவளும் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதினாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் படித்தது காசித்தும்பைகளின் மகரந்தத்தை. அந்தப் பழக்கத்தில் இதையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். வடக்கு இனத்தின் துகள் நீள்சதுரமாக, மேலே நெருக்கமான வலைப்பின்னலோடு இருக்கும். இதுவோ சதுரம். வலைக்கண்கள் அகலமாக, உள்ளே குருணை குருணையாக மணிகளோடு இருந்தன. வேறு வேறு செடிகளிலிருந்து எடுத்துப் பார்த்தும் அப்படியே. ஒரே இனத்துக்குள் மகரந்தம் இவ்வளவு மாறாது.

நிறுவனத்தின் தலைவர் ஜெயபாலனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் தாவரவியல் படித்தவர். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"வேற இனம்தான். சந்தேகமே இல்ல."

"அப்ப ரிப்போர்ட்ல போட்டுடலாமா சார்?"

"என்னன்னு போடுவ? கட்டுரை எழுதி, பேரு வச்சு, அது வெளிவர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அதுக்குப் பழைய பேருதான் லா."

"அதுவரைக்கும் காடு இருக்காதே சார்."

"நம்மள இலையயும் பூவயும் பாக்கத்தான் கூப்பிட்டாங்க, ஷர்மைன். மகரந்தத்த யாரும் கேக்கல."

'பரவலாகக் காணப்படும் இனம்' என்று அறிக்கை போயிற்று. அவளும் கையெழுத்துப் போட்டாள். போட்ட கை அன்று முழுக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சில செடிகளை வேரோடு எடுத்து வந்து வீட்டில் நட்டாள். சூடு தாங்காமல் அழுகின. விதை எடுக்கலாம் என்று திரும்பப் போனபோது பாறைகள் இல்லை. வெறும் செம்மண். ஓடையைக் குழாய்க்குள் விட்டிருந்தார்கள்.

வேலையை விட்டாள். அம்மா டொரத்திக்குத் தாங்கவில்லை.

"ஒரு பூச்செடிக்காகவா வேலைய விடுவாங்க? அதே பூ நம்ம வீட்டு வாசல்லயும்தான் இருக்கு."

"அது வேறம்மா."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

இப்போது அவள் தினமும் பஸ் ஏறி சிங்கப்பூருக்குப் போய், ஓர் உணவுத் தொழிற்சாலையில் சாஸ் பரிசோதிக்கிறாள். விடுமுறை நாட்களில் உட்கார்ந்து கட்டுரையை எழுதி முடித்தாள். செடி சேகரிக்க அனுமதி வாங்கியது நிறுவனம் என்பதால் ஜெயபாலன் பெயரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு தாவரவியல் ஆய்விதழில் மகரந்த அமைப்பை ஆதாரமாக ஏற்று, புது இனம் என்று ஒப்புக்கொண்டார்கள். தற்போது எங்கே வளர்கிறது என்று இதழாசிரியர் கேட்டதற்கு, 'எங்கும் இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.

கட்டுரை வெளிவந்த அன்று காலை, இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது ஜெயபாலன் போனில் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா? வந்துருச்சு! நம்ம ரெண்டு பேரு பேரும் இருக்கு!"

"பாத்தேன் சார்."

"புது இனம்! எத்தன பேருக்கு இது கெடைக்கும், சொல்லு? ஒருநாள் மக்கான் போலாம், நல்ல சாப்பாடா நான் வாங்கித் தர்றேன்."

பின்னால் நின்றவர் நகரச் சொன்னார்.

"க்யூவுல நிக்கிறேன் சார்," என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.